தோல் என்று தேடினால் கோட்டை வருகிறது

உலகத்துப் பல்கலைக்கழக நூலகங்களின் டிஜிட்டல் படத் தொகுப்புகளில் எங்க வேலூர் பற்றி என்னதான் இருக்கு என்று ஏழெட்டு மாதமாக ராத்திரி நேரங்களில் தோண்டிக்கொண்டிருக்கிறேன். தேவை எளிமையானது. ராணிப்பேட்டை, மேல்விஷாரத்தில் தொடங்கி பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் தோல் தொழில் வட்டாரத்தின் பழைய படங்கள் வேண்டும். டேனரிகள், தோல் காயப்போட்ட திடல், ஆவாரம்பட்டைக் குவியல், சுண்ணாம்புக் குழி, அங்கே வேலை செய்த ஆட்கள். நூறு வருடத்துக்கும் மேலாக நடக்கிற தொழில். முதல் உலகப் போர் சமயத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தின் பூட்ஸுக்கே மதராஸ் மாகாணத்துத் தோல்தான் கப்பலேறியது. அவ்வளவு பெரிய வியாபாரத்தை யாராவது படம் எடுக்காமலா இருந்திருப்பார்கள்?

கிடைத்தது கோட்டை. அடுத்து ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபம். அடுத்து அகழி. மறுபடி கல்யாண மண்டபம், வேற கோணத்தில். பிறகு மிஷன் ஆஸ்பத்திரி. ஆம்பூர் என்று கூகுளில் போட்டால் பிரியாணி வருவது இன்றைய விதி. நூலகங்களில் போட்டால் பல இடங்களில் ஒன்றுமே வராது.

படமே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை, என் அனுபவத்தில். ஒரு படத் தொகுப்பில் நாம் தேடுவது படத்தை இல்லைங்க, படத்துக்குப் பக்கத்தில் யாரோ எழுதி வைத்த நாலு வார்த்தையை. அந்த நாலு வார்த்தையை எழுதியது யார், எப்போது, எதற்காக என்பதில்தான் விஷயம் இருக்கு. இந்தக் குறிப்பு அதைப் பற்றியது. நான் பிஇ படித்துவிட்டு சாஃப்ட்வேரில் இருப்பவன், வரலாறு என் துறை இல்லை. ஆனால் டேட்டாபேஸ் எப்படிப் பொய் சொல்லும், எப்படி மௌனம் சாதிக்கும் என்பது இருபது வருடமாகப் பார்க்கிற வேலை.

முதலில் கதவுகளைச் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. பல்கலைக்கழக நூலகம் மூலமாகக் கிடைக்கிற படத் தொகுப்புகள் இரண்டு விதம். ஒன்று, நூலகம் சந்தா கட்டி வாங்குவது. இதில் பெரியது ஆர்ட்ஸ்டோர். 20 லட்சத்துக்கு மேற்பட்ட படங்கள். 2024 ஆகஸ்டில் அதன் தனித் தளத்தை மூடி, படங்களை ஜேஸ்டோருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். சந்தா உள்ள கல்லூரியின் மாணவராகவோ ஆசிரியராகவோ இருந்தால் முழுசாகத் திறக்கும், மற்றவர்களுக்குத் திறந்த தொகுப்புகள் மட்டும். நம்ம ஊர் நிலை என்னன்னா, 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் அரசு கல்வி நிறுவனங்களுக்கு, அதுவும் ஆய்விதழ்களுக்கு. என்னைப் போல வேலைக்குப் போய்க்கொண்டே ஆராய்ச்சி செய்பவனுக்கு அதில் இடமில்லை. ஒரு கல்லூரி நூலகத்தில் (பெயர் வேண்டாம்) படத் தொகுப்பு எதற்காவது சந்தா இருக்கா என்று கேட்டேன். "எந்தப் படம் சார், சினிமாவா?" என்று கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அதுவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது விதம், பல்கலைக்கழகம் தன் கையில் உள்ளதை ஸ்கேன் செய்து உலகத்துக்கே திறந்து வைப்பது. நமக்கு வாழ்வு இதில்தான். சிகாகோ பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் தெற்காசிய நூலகத்தில் அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் கட்டடக்கலைப் படங்களைத் தேடலாம். தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழக நூலகம் பல நாட்டு மிஷன்களின் புகைப்படங்களை ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறது. யேல் பல்கலைக்கழகம் 2011-லேயே தன்னிடம் உள்ள காப்புரிமை முடிந்த படங்களை இலவசமாகத் திறந்துவிட்டது. ஹார்வர்டின் ஷ்லெசிங்கர் நூலகத்தில் ஐடா ஸ்கட்டரின் தாள்கள் இருக்கின்றன. சிஎம்சி ஆஸ்பத்திரியைத் தொடங்கிய அதே ஐடா அம்மாதான்.

சரி, கதவு திறந்தாச்சு. உள்ளே போய் என்னவென்று டைப் செய்வது?

இங்கேதான் முதல் அடி விழும். வேலூர் என்று தேடினால் போதாது. கேட்டலாக் எழுதியவருக்கு அது எந்த மாவட்டம் என்று யோசிக்கணும். 1989 வரை நாம் வட ஆற்காடு. அந்த வட ஆற்காட்டுக்கும் 1911 வரை தலைநகர் சித்தூர். வாணியம்பாடி இருந்த திருப்பத்தூர் தாலுகா 1911 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. 2019-ல் வேலூர் மூன்றாக உடைந்து ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயாச்சு. ஆக, ஒரே டேனரித் தெருவின் படம் 1905-ல் எடுத்திருந்தால் சேலத்திலும், 1950-ல் எடுத்திருந்தால் வட ஆற்காட்டிலும், நேற்று எடுத்திருந்தால் திருப்பத்தூரிலும் கிடக்கும். பல பதிவுகளில் ஊர்ப் பெயரே இருக்காது, "தென்னிந்தியா" என்று மட்டும் இருக்கும். ஆம்பூருக்கே ஆங்கில எழுத்துக்கூட்டல் இரண்டு மூன்று உண்டு. வாணியம்பாடிக்கு நான் இதுவரை சேர்த்தது ஐந்து. சாஃப்ட்வேர்காரனுக்கு இது தினசரி எரிச்சல்தான், ஒரே கஸ்டமர் நாலு பெயரில் பதிவாகியிருப்பது போல. ஒரு சின்னப் பட்டியல் போட்டு, எல்லாக் கூட்டலையும் மாற்றி மாற்றிக் கேட்க இருபது வரி ஸ்கிரிப்ட் எழுதினால் தீர்ந்துவிடும்.

ஸ்கிரிப்டால் தீராதது அடுத்தது.

படம் எடுத்தவர் எதைப் படம் எடுக்கத் தகுந்தது என்று நினைத்தார்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேலூருக்குக் கேமரா தூக்கி வந்தவர்களுக்குக் கட்டடக்கலை பெரிய விஷயம். ஜேம்ஸ் ஃபெர்குசன் 1876-ல் வெளியிட்ட இந்தியக் கட்டடக்கலை வரலாற்றில் வேலூர் மண்டபத்துக்கு இடம் உண்டு. அதன் பிறகு அந்த மண்டபம் வந்தவர் எல்லாரும் எடுத்தே தீர வேண்டிய படமாக ஆகிவிட்டது. அந்தப் படங்களில் ஒரு விசேஷம் கவனித்தீர்களா? கோயிலில் கூட்டமே இருக்காது. கோயில் அப்போது ராணுவத்தின் கையிலிருந்த கோட்டைக்குள் வழிபாடு இல்லாமல் கிடந்தது. லிங்கம் திரும்ப வந்தது 1981-ல்தான். இன்றைக்கு அந்தப் படங்களைப் பார்ப்பவர் "ஆஹா, எவ்வளவு அமைதி" என்பார். பூஜை இல்லாத கோயிலின் வெறுமை அது. பதிவில் "வேலூர், கல்யாண மண்டபம், தூண்கள்" என்று மட்டும் இருக்கும்.

கட்டடப் படங்களில் எனக்குப் பிடித்த ஆள் ஒருத்தர் இருக்கிறார். அக்காலப் புகைப்படக்காரர்கள் தூணின் உயரம் தெரியணும் என்பதற்காகப் பக்கத்தில் ஒரு உள்ளூர் ஆளை நிறுத்தும் வழக்கம் உண்டு. இந்தியா முழுக்க இப்படி எடுத்திருக்கிறார்கள். வேட்டி, தலைப்பாகை, கையைத் தொங்கவிட்டு நிற்பார். கேட்டலாக்கில் அவர் இல்லை. அடிக்கோல் மாதிரி அவர் ஒரு அளவு, அவ்வளவுதான். முன்பு இவரைப் பார்க்க பூதக்கண்ணாடி வேண்டும். இப்போது ட்ரிபிள்-ஐ-எஃப் என்ற ஒரு பொதுத் தரம் வந்திருக்கு. 2011-லிருந்து நூலகங்கள் சேர்ந்து வளர்த்தது. அதன் அழகு என்னன்னா, படத்தின் முகவரியிலேயே "இந்த மூலையில் இத்தனை அகலம், இத்தனை உயரம் மட்டும் கொடு" என்று எழுதிவிடலாம். நூலகத்தின் சர்வர் அந்தத் துண்டை மட்டும் வெட்டிக் கொடுக்கும். ஆகவே மண்டபத்தை விட்டுவிட்டு அந்த ஆளுக்கு மட்டும் ஒரு நிரந்தர முகவரி கொடுக்க முடியும். நான் அப்படி ஒரு கோப்பு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். 41 பேர் ஆகிவிட்டார்கள், பல ஊர்க்காரர்கள்.

இப்போது தோலுக்கு வருவோம். ஏன் டேனரி படம் இவ்வளவு அரிது என்பதற்கு எனக்குக் கிடைத்த நல்ல பதில் கேரளக் கரையிலிருந்தும் மங்களூரிலிருந்தும் வந்தது. பாசல் மிஷன் ஆவணக்காப்பகத்தின் படத் தொகுப்பைத் திறந்து பாருங்கள். ஓடு தொழிற்சாலை, நெசவுச் சாலை, வரிசையாக நிற்கும் தொழிலாளர்கள், இயந்திரங்கள், களிமண் சுமக்கும் பெண்கள் என்று தொழில் வாழ்க்கை கண்ணுக்கு நிறையக் கிடைக்கும். இத்தனைக்கும் பாசல் மிஷன் மதப் பணிக்கு வந்தது. ஆனால் 1865-ல் மங்களூரில் ஓடு தொழிற்சாலை ஆரம்பித்தது அதே மிஷன். மதம் மாறியதால் சாதித் தொழிலும் ஊரும் இழந்தவர்களுக்கு வேலை கொடுக்க அது தேவைப்பட்டது. சுவிட்சர்லாந்தில் நன்கொடை கொடுத்தவர்களுக்கு "பாருங்கள், உங்கள் காசில் இத்தனை பேர் வேலை செய்கிறார்கள்" என்று காட்ட வேண்டும். அதற்குப் படம் வேண்டும்.

வேலூர்ப் பக்கமும் மிஷன் உண்டு. ஸ்கட்டர் குடும்பத்தார் 1853-ல் தொடங்கிய ஆற்காடு மிஷன் இங்கே. ஆம்பூரில் மிசூரி லூத்தரன் மிஷன். முதலாவதன் ஆவணங்கள் நியூ ஜெர்சியில், இரண்டாவதன் ஆவணங்கள் செயின்ட் லூயிஸில். அவர்களும் எடுத்தார்கள்: ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சபை, ஞானஸ்நானம். டேனரி அவர்களுடையது இல்லை. பெரும்பாலும் தமிழ் முஸ்லிம் வணிகர்களுடையது. அதில் வேலை செய்தவர்களில் பலர் அதே மிஷன் சபைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்த மக்களின் சொந்தபந்தம். ஞாயிற்றுக்கிழமைப் படம் இருக்கு. திங்கட்கிழமைப் படம் இல்லை.

முதலாளியின் கேமரா எங்கே இருந்ததோ அங்கேதான் தொழிலாளி படத்தில் வருகிறார் என்று இதை நான் படிக்கிறேன். ஓட்டுத் தொழிற்சாலையின் முதலாளிக்குத் தொழிலாளியைக் காட்டிப் பணம் கேட்கும் தேவை இருந்தது. தோல் வணிகருக்கு அப்படித் தேவை இல்லை. அவருடைய சரக்கு பெரியமேடு வழியாக லண்டனுக்குப் போனது, அங்கே பார்த்தது தோலின் தரத்தை மட்டும். எனவே மங்களூர்த் தொழிலாளி பாக்கியசாலி, ஆம்பூர்த் தொழிலாளி துரதிர்ஷ்டசாலி என்று முடிக்க முடியாது. மங்களூர்க்காரர் விளம்பரத்துக்காக நிறுத்தப்பட்டவர். சுத்தமான சட்டையோடு வரிசையில் நிற்கிறார். அவர் வேலையின் களைப்பு அந்தப் படத்தில் இல்லை. பாசல் தொகுப்பைப் பாராட்டி எழுதுகிற கட்டுரைகளில் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது என் குறை.

தோல் வேலை செய்பவர் இன்னொரு வழியாகப் படத்துக்குள் வருகிறார். அது "சாதி மாதிரிகள்" என்ற வகை. மதுரையில் 1837-ல் வரையப்பட்ட 72 ஓவியங்கள் கொண்ட ஒரு சுவடி யேலின் பெய்னெக்கி நூலகத்தில் இருக்கு. அமெரிக்க மிஷனரி டேனியல் பூர் வழியாக அங்கே போனது. அருமையான ஸ்கேன், யாரும் இறக்கிக்கொள்ளலாம். சாதி, தொழில் வாரியாக ஆணும் பெண்ணும். தஞ்சாவூர், திருச்சி கம்பெனி ஓவியங்களிலும் இதே முறைதான். செருப்புத் தைப்பவரும் அவர் மனைவியும் ஜோடியாக நிற்பார்கள், கையில் ஒரு கருவி இருக்கும். அதற்கப்புறம் 1909-ல் எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள், மூக்கு அளவும் புகைப்படமுமாக.

இவற்றைத் தேடிப் பிடிக்க என்ன டைப் செய்யணும் தெரியுமா? "தோல் தொழிலாளர்", "டேனரி", "தலித்" என்றெல்லாம் போட்டால் பல பழைய பதிவுகள் வராது. சாதிப் பெயரைச் சிதைத்து அந்தக் கால ஆங்கிலத்தில் எழுதிய "சக்ளர்" என்ற சொல்லைப் போடணும். "பரையா" என்று போடணும். முஸ்லிம் வணிகரைத் தேட "லப்பே", "முகமதன்" என்று போடணும். என் நண்பர் ஒருவர், அப்பா ஆம்பூர் டேனரியில் முப்பது வருடம் நின்றவர், ஒரு சாயங்காலம் என்னோடு உட்கார்ந்து இதைத் தேடினார். அந்தச் சொல்லைத் தேடல் பெட்டியில் அடித்துவிட்டு எண்டரைத் தட்டாமல் கொஞ்ச நேரம் இருந்தார். "நம்ம தாத்தாவைப் பார்க்கணும்னா அவரைத் திட்டணுமாப்பா?" என்றார்.

இதற்கு நூலகங்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். பழைய தலைப்பு வரலாற்று ஆவணம், அதை அழித்தால் வரலாற்றை அழித்ததாகும். ஒத்துக்கொள்கிறேன். அழிக்க வேண்டாம். ஆனால் டேட்டாபேஸில் ஒரு புலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு புலம் சேர்ப்பதற்கு என்ன தடை? மூலத் தலைப்பு ஒன்று, இன்றைய மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் ஒன்று, இரண்டும் தேடலில் அகப்படட்டும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புகளில் இப்போது தலித் என்பதே அதிகாரபூர்வத் தலைப்பு, பழைய சொல்லைப் போட்டாலும் அங்கே கொண்டுபோய் விடும். புத்தகங்களுக்கு முடிந்தது படங்களுக்கு ஏன் முடியாது? ஆள் வேண்டும், காசு வேண்டும் என்பார்கள். அதுவும் நிஜம். லட்சம் படத்துக்கு ஒரு கேட்டலாகர் என்றால் அவரும் என்ன செய்வார். ஆனால் ஸ்கேனருக்குக் காசு கிடைக்கிறது, விவரம் எழுதக் காசு கிடைப்பதில்லை. பிரிட்டிஷ் நூலகம் 2013-ல் பழைய புத்தகங்களிலிருந்து பத்து லட்சம் படங்களை எடுத்து ஃபிளிக்கரில் கொட்டியது. நல்ல காரியம். ஒவ்வொரு படத்துக்கும் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்பது மட்டும் உண்டு, படத்தில் என்ன இருக்கு என்பது கிடையாது. அதில் நம்ம ஊர் எத்தனை இருக்கோ!

இன்னொன்றும் சொல்லணும். இந்த "சாதி மாதிரி" படங்கள் தோல் வேலையை ஒரு சாதியோடு கட்டிப்போட்டு நம்மை ஏமாற்றும். ஆம்பூர் வட்டார டேனரி என்பது குடிசையில் செருப்புத் தைப்பது கிடையாது. அது ஏற்றுமதிக்கான தொழிற்சாலை. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதப்படுத்தி "ஈஸ்ட் இண்டியா" தோல் என்ற பெயரில் வெளியே போனது. குழியில் இறங்கியவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள், அதிலும் ஒரே சாதி இல்லை. முஸ்லிம் தொழிலாளர்களும் உண்டு, பெண்கள் உண்டு. 1837-ன் ஓவியத்தை எடுத்து 1920-ன் டேனரிக்கு அட்டைப்படமாகப் போடுவதை நான் இரண்டு இடங்களில் பார்த்துவிட்டேன். படம் சரியானது, இடம் தப்பு.

அதைவிட மோசமானது வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. "பழைய வாணியம்பாடி தோல் தொழிற்சாலை" என்று ஒரு படம். தேன்கூடு மாதிரி வட்ட வட்டத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் சாயம், சுற்றிலும் வெள்ளை வீடுகள். பார்த்தவுடனே தெரிய வேண்டும், அது மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துச் சுவாரா டேனரி. சுற்றுலாப் பயணிகள் தினமும் எடுக்கும் படம். படத்தைக் கொண்டு படத்தைத் தேடும் வசதியில் போட்டால் அரை நிமிடத்தில் ஆயிரம் வரும். ஆனால் எங்க ஊர்க் குழுக்களில் அது பெருமையாகப் போய்க்கொண்டே இருக்கு. ஏன் என்றால் சொந்தப் படம் கண்ணில் படவில்லை. இல்லாத இடத்தை யாராவது நிரப்பத்தான் செய்வார்கள்.

இந்த மாதிரி சமயத்தில் "ஏஐ வந்தா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லும் சக பொறியாளர்களுக்கு ஒரு வார்த்தை. படத்தைப் பார்த்தே தேடும் மாடல்கள் உபயோகமானவை, நானும் ஓட்டிப் பார்த்தேன். கொடியில் தொங்குவது தோலா துணியா என்று ஓரளவு சொல்லும். பக்கத்தில் நிற்பவர் பெயர் என்ன, எந்தச் சேரி, எந்த முதலாளியிடம் வேலை என்பதை எந்த மாடலும் சொல்லாது. அது படத்துக்குள் இல்லாத தகவல். ஒரு மனிதர் சொல்லி இன்னொரு மனிதர் எழுதினால்தான் உண்டு.

சரி, இவர்கள் தங்கள் விருப்பப்படி கேமரா முன் நின்றதே இல்லையா? நின்றார்கள், ஸ்டுடியோவில். கல்யாணத்துக்கு, குழந்தைக்கு மொட்டை போட்டதற்கு, சிங்கப்பூர் போகும் தம்பிக்காக. பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தினர் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களைச் சேகரித்து, பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்கள் திட்டத்தில் 737-வது எண்ணாக ஏற்றினார்கள். நான் பார்த்ததில் மிக மதிப்புள்ள தமிழ்ப் படத் தொகுப்பு இதுதான் என்று சொல்வேன். இங்கே யாரும் மாதிரி இல்லை, யாரும் அளவுகோல் இல்லை. கோட் போட்டு, நாற்காலியில் கைவைத்து, வரைந்த தோட்டத்தின் முன் நிற்கும் முழு மனிதர்கள்.

ஆனால் இங்கே சிக்கல் தலைகீழ். ஸ்டுடியோவில் தோல் வாடை இல்லை. கையில் கருவி இல்லை. பதிவில் "தம்பதி", "குடும்பம்", "குழந்தை" என்று இருக்கும். பெயர் பல படங்களுக்குத் தெரியவில்லை. இவர்களில் டேனரிக்காரர் இருந்தால்கூட நமக்குத் தெரியாது. தொழில் தெரிகிற படத்தில் மனிதருக்குப் பெயர் இல்லை, மனிதர் தெரிகிற படத்தில் தொழில் இல்லை. இதற்கு யாரையும் திட்ட முடியாது. ஸ்டுடியோவுக்குப் போனதே ஒரு மணி நேரமாவது டேனரியிலிருந்து வெளியே வருவதற்காகத்தானே?

பயன்படுத்துவது பற்றி நடைமுறையாக ஒன்றிரண்டு. கிடைத்த படத்தை மட்டும் சேமிக்காதீர்கள். பதிவு எண், நிரந்தர முகவரி, எழுதியுள்ள விவரம், உரிமைக் குறிப்பு, பார்த்த தேதி, எல்லாவற்றையும் பக்கத்திலேயே ஒரு உரைக் கோப்பில் போடுங்கள். வாட்ஸ்அப் வழியே அனுப்பினால் படத்துக்குள் பொதிந்த தகவல் போய்விடும், மறக்காதீங்க. உரிமை விஷயத்தில், நம்ம சட்டப்படி புகைப்படத்துக்கு எடுத்தவரின் ஆயுள் முழுக்கவும் அவர் இறந்த பிறகு 60 வருடமும் காப்புரிமை; 2012 திருத்தம் வரை அது வெளியானதிலிருந்து 60 வருடமாக இருந்தது. அதைத் தாண்டிய படத்துக்கும் சில நிறுவனங்கள் வாட்டர்மார்க் போட்டுக் காசு கேட்கும். அது ஸ்கேன் செலவுக்கான கட்டணமா, உரிமைக் கட்டணமா என்று கேட்டு எழுதுங்கள், பதில் சுவாரசியமாக இருக்கும்.

சேமிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கு. 2023 அக்டோபர் கடைசியில் பிரிட்டிஷ் நூலகம் ரான்சம்வேர் தாக்குதலில் விழுந்தது. 20 பிட்காயின் கேட்டார்கள், நூலகம் கொடுக்கவில்லை. கேட்டலாக்கின் ஒரு பகுதி திரும்பி வரவே அடுத்த ஜனவரி ஆனது. தமிழ்நாட்டுப் பழைய ஊர்ப் படங்களுக்கு நம்மில் பலர் கொடுத்து வைத்திருந்த அவர்களுடைய பழைய ஆன்லைன் காட்சிக்கூட இணைப்புகள் செத்துப்போயின. கண்ணாடி நெகட்டிவ் லண்டனில் பத்திரமாக இருக்கலாம். வேலூரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது இருந்தது அந்த இணைப்பில் மட்டும்தான். படத்தை அவர்கள் நாட்டில் வைத்துக்கொண்டு நமக்கு ஒரு யுஆர்எல் கொடுத்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அதனால் அந்தப் பக்கம் மட்டும் குறை சொல்லிக்கொண்டிருக்க எனக்கு மனசு வரவில்லை. அவர்கள் நூறு வருடம் காப்பாற்றியதைத்தான் நாம் தேடுகிறோம்.

நம்ம பக்கம் என்ன இருக்கு? வாணியம்பாடியில் 1919-லிருந்து கல்லூரி இருக்கு. வேலூரில் பல்கலைக்கழகங்கள் இருக்கு, அடையாறில் 1948-லிருந்து மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு. பாலாற்று மாசு பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கைக்காக இந்தியா முழுக்கச் சட்ட மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். அந்த வருடங்களின் பாலாற்றுப் படங்கள், நுரை பொங்கிய கால்வாய், உப்புப் பூத்த கிணறு, இவை எந்த நூலகத்திலாவது பதிவு எண்ணோடு இருக்கா என்று தேடினேன். எனக்கு அகப்படவில்லை. வெறும் முப்பது வருடத்துக்கு முன் எடுத்தவை. அப்போது எடுத்தவர்கள் பலர் உயிரோடு இருக்கிறார்கள், நெகட்டிவ் பீரோவில் இருக்கும்.

பீரோ என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. போன மாதம் ஒரு பழைய டேனரி அலுவலகத்தின் சுவரில் பெரிய குரூப் போட்டோ பார்த்தேன். ஐம்பதுகளில் எடுத்ததாம். உட்கார்ந்திருக்கும் வரிசையில் ஒன்பது பேர், கீழே அட்டையில் இடமிருந்து வலமாக ஒன்பது பெயர்கள், அழகான அச்சில். பின்னால் நிற்கும் மூன்று வரிசைக்கு "தொழிலாளர்கள்" என்று ஒரே சொல். எண்ணிப் பார்த்தேன், 63 பேர். கணக்கு எழுதும் பெரியவர் எழுந்து வந்து, மூன்றாம் வரிசையில் ஓரமாக நிற்கும் பையன் மேல் விரல் வைத்து ஒரு பெயர் சொன்னார். பிறகு அவன் பக்கத்தில் நிற்பவர் பெயரையும். ஏழு பெயர் வரை வந்து நின்றார். "மீதிக்கு எங்க அண்ணனைக் கேக்கணும், அவருக்கு எண்பத்தாறு" என்றார். ஏழையும் வரிசை, இடம் சகிதம் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை பேரணாம்பட்டுக்குப் போகிறோம், அண்ணனைப் பார்க்க.